பாறைக்குக் கீழே ஒரு ஜோடி டயர் செருப்பு

வேலுத்தாய் தன் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டியபோது படத்தில் நான் முதலில் பார்த்தது காலை அல்ல. காலுக்குப் பின்னால் இருந்த பாறையை.

கால் என்னவோ பார்க்கச் சகிக்காமல்தான் இருந்தது. பெருவிரல் கறுத்து, பாதம் பாதிவரை வீங்கி, நடுவில் சீழ் கோத்திருந்தது. சர்க்கரைப் புண். சிவகாசியில் நான் நர்சாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இந்த மாதிரிக் கால்கள் தினமும் வரும். இந்தக் கால் மட்டும் போட்டோவாக வந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால், "ஆளக் கூட்டிட்டு வராம படத்தக் கொண்டாந்திருக்கீகளே, மருந்தப் படத்துக்கா போட முடியும்?" என்று ஒரு பிடி பிடித்திருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்பது வார்டில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு வாய் வரவில்லை.

"இது மொட்டப்பாறைதான?" என்றேன்.

அந்தப் பெண் திகைத்துப் போனாள். "ஆமா சிஸ்டர். தாயில்பட்டிக்கு அங்கிட்டு எங்க காடு. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" எங்கள் பக்கத்தில் புஞ்சை நிலத்தைக் காடு என்றுதான் சொல்லுவோம்.

"அப்ப இது போர்மேன் அய்யா காலு."

"எங்க அப்பா" என்றவள் என்னையே உற்றுப் பார்த்தாள். "நீங்க அந்தப் பாறை ஏறுற அக்காவா? நான் சின்னப் பிள்ளையா இருக்கையில வருவீகளே."

நான்தான் என்றேன். பாறை ஏறுகிற அக்கா இப்போது ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறாள் என்பதைச் சொல்லவில்லை. படத்தை டாக்டரிடம் காட்டினேன். அவர் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இந்த வாரத்துக்குள் சேர்த்தால் விரலை எடுப்பதோடு போய்விடும், தள்ளிப்போட்டால் காலையே எடுக்க வேண்டி வரும், இன்னும் தள்ளினால் ஆளே தங்க மாட்டார் என்றார். வேலுத்தாய் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"வரமாட்டேங்குறாரு சிஸ்டர். விஸ்வநத்தத்துல எங்க வீட்டுல வந்து இருங்கப்பான்னா கேக்கல. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டாராம். காட்ட விட்டு ஒரு எட்டு வைக்க மாட்டேங்குறாரு."

"ஏனாம்?"

"பாறை மேல ஒருத்தன் இருக்கானாம். அவன் எறங்காம எப்பிடி வாரதுங்குறாரு."

யாரும் இல்லாத பாறையில் இருக்கிறவன் யார் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கட்டுப் போடும் சாமான்களை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன். என் வீட்டுக்காரர் பெயர் டென்னிஸ், பள்ளிக்கூட வாத்தியார்; அவருக்கு இந்தக் கதை முழுவதும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். வாசலில் நின்று, "ஏறணும்னு தோணுச்சுன்னா கீழ நின்னு பாத்துட்டு வந்திரு. ஒன் எலும்பு ஒடைஞ்சா ஒன் கோவத்த நான் வீட்டுல வச்சுத் தாங்க முடியாது" என்றார்.

மொட்டைப் பாறை அப்படியேதான் இருந்தது. சுற்றிலும் கிணற்றுத் தண்ணீரில் மக்காச்சோளம் ஆள் உயரம் நிற்க, நடுவில் எருமை படுத்தமாதிரி கிடந்தது. பெரிய மலை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஆஸ்பத்திரியின் இரண்டு மாடி உயரம் இருந்தால் அதிகம். பின்பக்கம் சரிவு, வெள்ளாடுகூட ஏறிவிடும். முன்பக்கம்தான் செங்குத்து. அடியில் கூரை போட்டதுபோல் பாறை கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்தாலும் அந்த இடம் நனையாது.

எங்களுக்கு அதைக் காட்டியது என் அண்ணன் ஆல்பின். காலேஜில் என்.சி.சி. முகாமுக்குப் போய் பாறை ஏறக் கற்றுக்கொண்டு, எப்படியோ ஒரு கயிற்றையும் தேற்றிக்கொண்டு வந்தான். கூட அவனுடைய வகுப்புத் தோழன் மணிகண்டராஜ், சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனிக்காரரின் ஒரே மகன். கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கயிறு பிடிக்கிற கை சும்மா இருக்குமா? நானும் ஏறினேன். வீட்டில் சர்ச்சில் வாலிபர் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போவோம். ஜெபத்துக்குப் போன பிள்ளை முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வருகிறதே என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. முழங்காலில் நின்று ஜெபித்தால் முழங்காலில் படும், முழங்கையில் எப்படிப் படும் என்று யோசிக்கிற ஆள் இல்லை அம்மா.

ஏறுகிற வழிகளுக்கு வெடிப் பெயர் வைத்திருந்தோம். வேறு என்ன பெயர் வரும் எங்கள் ஊரில்? நேராகப் போகும் மெல்லிய வெடிப்புக்குச் சாட்டை. நடுவழியில் உடம்பைச் சுற்றித் திருப்ப வேண்டிய இடத்துக்குச் சங்குசக்கரம். ஓரத்தில் ஒரு ஆள் நுழையும் இடுக்கு உண்டு. கீழே இருந்து பார்த்தால் பெரிதாக மிரட்டும். உள்ளே போனால் குழந்தைகூட ஏறிவிடும். அதற்குப் புஸ்வாணம். சாட்டையை முதலில் முடித்தது நான். அந்த இரண்டு தடிப்பயல்களும் கீழே வாயைப் பிளந்துகொண்டு நின்றதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சந்தோஷம்.

காட்டுக்காரர் சங்கிலிமுத்து எங்களை விரட்டவில்லை. முதல் நாளே வந்து நின்று சட்டம் சொன்னார். "ஏறிக்கிடுங்க. வெள்ளாமைய மிதிக்காம வரப்புல வாங்க. செருப்பப் பாறைக்கு அடியில வரிசையா விட்டுட்டு வெறுங்காலோட ஏறணும். எறங்குனதும் மாட்டிக்கிட்டு, எங்கிட்ட வந்து எறங்கியாச்சுன்னு சொல்லிட்டுத்தான் போகணும்."

ஏன் என்று ஆல்பின் கேட்டான். அவர் அதற்கு முன் பட்டாசு கம்பெனி ஒன்றில் போர்மேனாக இருந்தவர். வெடிமருந்துச் செட்டுக்குள் செருப்போடு போகக்கூடாது, பொறி தட்டிவிடும். எல்லாரும் வெளியே விட்டுவிட்டுத்தான் போவார்கள். வேலை முடிந்ததும் பூட்டுவதற்கு முன் மற்ற போர்மேன்கள் ஆட்களை எண்ணுவார்கள். இவர் செருப்பை எண்ணுவார். "தல நடமாடும். ஒண்ணுக்குப் போகும், டீ குடிக்கப் போகும். எண்ணுனா தப்பு வரும். செருப்பு விட்ட எடத்துல நிக்கும்ல" என்பார்.

ஒரு தடவை செட்டில் தீப்பிடித்து எல்லாரும் ஓடினார்களாம். எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால் ஒரு ஜோடி பெண்பிள்ளைச் செருப்பு மிச்சம். மற்றவர்கள் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். இவர் மட்டும் அந்தச் செருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் அந்த அம்மாள் வேலிப் பக்கமாக வந்து, "அண்ணே, என் செருப்பு" என்று கேட்டதாம். பயத்தில் வெறுங்காலோடு வேலி தாண்டி வீடுவரைக்கும் ஓடியிருக்கிறது. இவர் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, அன்றைக்கே வேலையை விட்டுவிட்டுக் காட்டுக்கு வந்துவிட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் ஒரே வார்த்தைதான். "செருப்பு கெடந்தா ஆளு வரும்ல."

அவர் இப்போது பாறைக்கு எதிரே கூரைக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகிவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. நர்சம்மா என்று கும்பிட்டார். எனக்குச் சுருக்கென்றது. காலைக் கழுவிக் கட்டுப் போடும்போது வலி தெரிந்த மாதிரியே இல்லை. வலிக்காத புண்தான் மோசமான புண். அவர் பார்வை என் தலைக்கு மேலாகப் பாறையிலேயே இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு வாங்க அய்யா. காலு போயிரும்" என்றேன்.

"வாரேன். மேல ஒரு பய இருக்கான். எறங்கட்டும்."

பாறைக்கு அடியில், நனையாத அந்த இடத்தில், ஒரு ஜோடி டயர் செருப்பு வரிசை தப்பாமல் இருந்தது. மேலே ஒரு கல்.

லாரி டயரை வெட்டி ஆணி அடித்த செருப்பு. மாடு மேய்க்கிறவர்கள் போடுவது. வீட்டில் கார் நிற்க, காலண்டர் கம்பெனிக்காரர் மகன் கருவேல முள்ளுக்குப் பயந்து டயரைக் காலில் மாட்டிக்கொண்டு வருவான். நானும் ஆல்பினும் அவனைப் பண்ணாத கேலி இல்லை. ஆணி இருக்கிறது, பொறி தட்டும் என்று போர்மேன் அய்யாவும் திட்டுவார். தோல் செருப்பாக இருந்தால் இந்நேரம் மக்கிப் போயிருக்கும். டயர் அழியுமா?

"மொதல்ல வெளையாட்டுக்குச் சொல்லுவாரு, சிஸ்டர்" என்றாள் வேலுத்தாய். "காலண்டர்க்காரரு மகன் இன்னும் எறங்கலன்னு சிரிப்பாரு. போன வருசம் அம்மா போனதுலேருந்து வெளையாட்டு இல்ல. நெசம்னே நெனக்காரு. சாயந்தரம் ஆனா பாறையப் பாத்துக் கூப்புடுதாரு." அவள் குரலை இறக்கினாள். "போன மாசம் நாந்தான் இந்தச் சனியனத் தூக்கி ஓடைக்குள்ள எறிஞ்சேன். ஒழிஞ்சதுன்னு பாத்தா, எனக்குத் தெரியாம ஓடைக்குள்ள எறங்கித் தேடி எடுத்துட்டு வந்துட்டாரு. அங்கன குத்துன முள்ளுதான் இந்தப் புண்ணு. நாந்தான் எங்கப்பன் காலக் கெடுத்தேன்."

"நீ ஒண்ணும் கெடுக்கல. கெடுத்தவன் வேற ஒருத்தன்" என்றேன். அந்தச் செருப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு அம்புட்டுக் கோபம் வந்தது.

நாங்கள் கடைசியாகப் பாறை ஏறிய அன்றைக்கு நடந்தது இதுதான். ஆல்பின் கீழே கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நானும் மணியும் மேலே. தனக்குக் கோவில்பட்டியில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள் என்று பாறையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சம்மதம் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். "வீட்டுல ஒண்ணும் சொல்லாதவனுக்கு எங்கிட்ட என்ன பேச்சு? போ" என்றேன். போய்விட்டான். முன்பக்கம் இறங்காமல், பின்பக்கச் சரிவு வழியாகச் சோளத்துக்குள் நடந்து போய்விட்டான். செருப்பு இங்கே கிடக்கிறதே, சுற்றிக்கொண்டு எடுக்க வருவான் என்று கீழே இறங்கி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆல்பின் பஸ் போய்விடும் என்று பிடித்து இழுக்கிறவரை உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அழுதேன். அதைச் சொல்லுவதற்கு எனக்கென்ன வெட்கம்? அதற்கப்புறம் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை.

ஒரே ஊரில்தான் இருக்கிறோம். ரயில்வே கேட்டில் அவன் காரும் என் ஸ்கூட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கின்றன. இரண்டு பேரும் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். இப்போது அவன் பெரிய முதலாளி. மரியாதைக்கு அவர் என்றுதான் எழுத வேண்டும். வரவில்லை.

ஆல்பின் மஸ்கட்டில் இருக்கிறான். அவனிடம் நம்பர் வாங்கி அன்றைக்கே கொட்டகையிலிருந்து கூப்பிட்டேன்.

"யாரு?"

"ஜாஸ்பின்."

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒங்க செருப்பு இங்கன கெடக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

மெஷின் சத்தம் குறைந்தது. அறைக்குள் போயிருப்பான். "டயர் செருப்பா?" என்றான்.

எந்தச் செருப்பு என்று கேட்பான், அப்போது திட்டலாம் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அத்தனையும் வீணாய்ப் போயிற்று. விவரத்தைச் சொன்னேன். ஆடி மாதம், காலண்டர் ஆர்டர் எடுக்கும் சீசன். சிவகாசியில் முதலாளிகளுக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடையாது. சாக்குச் சொன்னால் போனை வைத்துவிட வேண்டியதுதான் என்று இருந்தேன். "நாளைக்குக் காலையில வாறேன்" என்றான்.

வந்தான். காரைப் பாதையில் நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து வந்தவனைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கம்பு மாதிரி இருந்தவனுக்குத் தொப்பை, வழுக்கை, தடித்த கண்ணாடி. என்னைப் பார்த்தும் அவனுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். "நல்லா இருக்கீகளா?" என்றான். "இருக்கேன்" என்றேன். வேலுத்தாய்க்கு முகமெல்லாம் பல். ஆஸ்பத்திரிப் பையை அவள் முந்தின நாளே கட்டி வைத்திருந்தாள்.

மணிகண்டராஜ் கட்டிலுக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றான். "அய்யா, நாந்தான் மணிகண்டராஜ். எறங்கியாச்சு."

போர்மேன் அய்யா அவனை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் பாறையைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"அவன் சின்னப் பயல்ல. ஒல்லியா இருப்பான். நீரு அவன் அப்பாவா?" என்று கட்டிலில் நகர்ந்து இடம் கொடுத்தார். "நல்லவேளை வந்தீரு. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்ட வத்திப்போச்சு. ஒம்ம சத்தத்துக்காச்சும் எறங்குதானான்னு ஒரு சத்தம் குடுத்துப் பாரும்."

வேலுத்தாய் பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மணிகண்டராஜ் என்னைப் பார்த்தான். அவன் கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கவும் ஆத்திரமாகத்தான் வந்தது. பெரியவர் அவன் முகத்தைப் பார்த்து எண்ணுகிற ஆளா? அவர் என்றைக்கு முகத்தைப் பார்த்தார்?

"ஷூவக் காருல கழத்திப் போட்டுட்டு வா" என்றேன்.

"எதுக்கு?"

"பின்பக்கமா ஏறணும். முன்பக்கமா எறங்கணும். அன்னைக்கு விட்ட வேல."

"ஜாஸ்பின், எனக்கு மூட்டு வலி."

"எனக்கு மட்டும் இல்லையா? புஸ்வாணத்துலதான எறங்கச் சொல்லுதேன். சாட்டையிலயா எறங்கச் சொன்னேன்?"

பேசாமல் போய் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வந்தான். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் செருப்பை அந்த டயர் செருப்புக்குப் பக்கத்தில் வரிசையாக விட்டேன். போர்மேன் அய்யா கட்டிலிலிருந்து அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரு மேல" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

சரிவில் ஏறும்போது பாறை அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது. உள்ளங்காலுக்கு அந்தச் சூடும் சொரசொரப்பும் அப்படியே ஞாபகம் இருந்தது. மனசுக்கு மறந்தாலும் காலுக்கு மறக்காது போலிருக்கிறது. மேலே போனதும் இரண்டு பேரும் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். சோளத்துக்கு அப்பால் பட்டாசுச் செட்டுகளின் தகரக் கூரைகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளித் தெரிந்தன. ஆல்பின் கயிறு கட்டுகிற முண்டுக்கல்லில் கயிறு உரசின தடம் இன்னும் இருந்தது. அதில் விரலை வைத்துப் பார்த்தேன். சாட்டையை ஏறி முடித்து இதே கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தின கத்தலும், கீழே இருந்து இந்தப் பயல் விசிலடித்ததும் ஞாபகம் வந்தது. எவ்வளவு நன்றாக இருந்தோம்.

"செருப்ப மறந்துட்டுப் போனேன்னு நெனச்சியா?" என்றான்.

"பின்ன?"

"விட்டுட்டுத்தான் போனேன். கெடந்தா, எடுக்க வர்ற சாக்குல ஒரு நாள் வரலாம்ல."

"வரலியே."

"வரல" என்றான். "அப்பாகிட்டப் பேசத் தைரியம் வந்ததும் வரணும்னு இருந்தேன். தைரியம் வரல. அப்புறம் கல்யாணம். அப்புறம் இந்த சீசன், அடுத்த சீசன்னே போயிருச்சு."

"நான் உக்காந்திருந்தேன் மணி. அந்தச் செருப்புக்குப் பக்கத்துல."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நான் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய்த்தவர் தங்கமான மனுசன். அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் அந்தச் சாயங்காலத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. அது எனக்கு வலித்தது. அன்றைக்கும் வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. வலிக்கிற புண் ஆறும் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"எறங்கு. பெரியவரு பாத்துக்கிட்டு இருக்காரு" என்றேன்.

புஸ்வாணத்தில் நான் முன்னால் இறங்கி, கீழே இருந்து அவனுக்குக் கால் வைக்க இடம் சொன்னேன். "எடது காலு கீழ. இன்னும் கீழ. அந்தப் பாறைப் பல்லுல வை. முதுக ஒட்டிக்கோ." நடுவில் தொப்பை இடுக்கில் மாட்டிக்கொண்டது. "வயித்த உள்ள இழு. காலண்டர் விக்கிறவனுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய வயிறு" என்றேன். அவன் சிரிக்கப் போய் இன்னும் நன்றாக மாட்டிக்கொண்டான். அந்தச் சிரிப்பு மட்டும் மாறவில்லை. ஒரு வழியாகச் சட்டை கிழிய இறங்கி வந்து சேர்ந்தான்.

கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு டயர் செருப்பில் காலை நுழைத்தான். வார் விறைத்துப் போயிருந்தது, பெருவிரல் நுழையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நுழைத்தான். நான் என் செருப்பை மாட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் வரப்பில் நடந்தோம். டயர் தரையில் அடிக்கும் அந்தப் பழைய சத்தம், டப் டப் என்று எனக்குப் பின்னால் வந்தது.

போர்மேன் அய்யா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பாறைக்கு அடியில் நனையாத அந்த இடத்தையே பார்த்தார். அங்கே செருப்பு இல்லை. செருப்புக் கிடந்த இடம் மட்டும் கொஞ்சம் கறுப்பாகத் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"எறங்குனா வந்து சொல்லணும்ல" என்றார், பாறையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எறங்கியாச்சு அய்யா" என்றான் மணிகண்டராஜ்.

"நானும் எறங்கியாச்சு" என்றேன்.

"கயிறு பிடிக்கிற பிள்ள எறங்கிட்டா. காலண்டர்க்காரரு மகன் எறங்கிட்டான்." குரல் அந்தப் பழைய போர்மேன் குரலாகவே வந்தது. "மேல யாரும் இல்ல. வேலு, பூட்டு."

பூட்டுவதற்கு அங்கே கதவும் இல்லை, கேட்டும் இல்லை. வேலுத்தாய் ஒரு நிமிஷம் விழித்தாள். அப்புறம் எழுந்து போய்க் கொட்டகையின் ஓலைப் படலை இழுத்துச் சாத்தினாள். "பூட்டியாச்சுப்பா" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து நிற்கக் கையை நீட்டினார். மணிகண்டராஜ் தோளைக் கொடுத்தான்.

கட்டுப் போட்ட காலில் செருப்பு நுழையாது. அதனால் அவருடைய செருப்பை வேலுத்தாய் பையில் வைக்கப் போனாள். அவர் அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். கார் நிற்கும் பக்கம் போகாமல் மணிகண்டராஜைப் பாறைப் பக்கம் திருப்பினார். நொண்டி நொண்டிப் போய், அந்தக் கறுத்த இடத்தில், குனிய முடியாமல் குனிந்து, இரண்டு செருப்பையும் வரிசையாக விட்டார்.

"அப்பா, ஆஸ்பத்திரியில நடக்கணும்னா வேணும்ல" என்றாள் வேலுத்தாய்.

"இங்கன கெடக்கட்டும்" என்றார். "செருப்பு கெடந்தா ஆளு வரும்ல."

மணிகண்டராஜ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். விரலா, பாதமா, முழங்காலா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் அன்றைக்குக் காலையில் என்னிடம் சொல்லியிருந்தார். ஒரு செருப்பு போதும் என்று ஆகலாம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் மூன்று பேரும் காருக்குப் போகட்டும் என்று நின்றேன். அப்புறம், நாய் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, மணி ஓரமாக வைத்த கல்லைத் தூக்கி இரண்டு செருப்பின் மேலும் படும்படி வைத்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கார் பின்னாலேயே போனேன்.